லீஷியா பிடிக்க மறுத்த கால்

கெண்டைக்காலைப் பிடிக்க வேண்டுமென்றால் லீஷியா உடனே எண்ணெயைத் தொடமாட்டாள். இரண்டு புறங்கைகளையும் சட்டையில் துடைத்துக்கொண்டு, வந்தவரின் இரு கால்களிலும் ஒரே நேரத்தில் வைப்பாள். பேச்சை நிறுத்தி மூன்று மூச்சு காத்திருப்பாள். உள்ளங்கை காய்த்துப்போனது, அவளுக்குச் சூடு தெரிவது புறங்கையில்தான். காவ்ஷியுங் நகரின் கால்பிடிக் கடையொன்றில் பதினெட்டு வருடமாக இதே பழக்கம்.

அன்று ஏழு மாத வயிற்றோடு வந்த ஜியாரோங் நாற்காலியில் சாய்ந்ததுமே சொல்லிவிட்டாள்.

"பாதம் வேண்டாம்க்கா, மாசமா இருக்கறப்ப பாதத்தை அழுத்தினா புள்ளைக்கு ஆகாதுன்னு மாமியார் திட்டுவாங்க. இடது கெண்டைக்கால் மட்டும் நல்லா அழுத்திப் பிடிச்சுவிடுங்க. கால்சியம் பத்தலைன்னு எலும்பு சூப்பா ஊத்துறாங்க. புள்ள அதுலதான் நீந்துது."

லீஷியா சிரிக்கவில்லை. புறங்கையை வைத்ததும் இடது கால் சுட்டது. வலதைவிடப் பருத்து, தோல் பளபளத்தது.

"விடியக்காலைல சதை சுண்டி இழுக்குதா? காலை நீட்டினா விட்டுடுதா?"

"அது போன மாசம். ரெண்டு கால்லயும் வந்துச்சு. இது மூணு நாளா விடவே இல்ல. நடந்தா குத்துது."

"அதுக்கு முன்னாடி எங்கயாச்சும் போனீங்களா?"

"சிங்மிங் கல்லறைத் திருநாளுக்குத் தைபே போனோம். நெடுஞ்சாலை நெரிசல்ல ஒன்பது மணி நேரம். அங்கயும், மாசமா இருக்கறவ கல்லறைப் பக்கம் வரக்கூடாதுன்னு என்னை மட்டும் கார்லயே உக்கார வெச்சுட்டாங்க. செத்தவங்களுக்கெல்லாம் சோறு கெடைச்சுது, எனக்குத்தான் இல்ல."

லீஷியா எண்ணெய்ப் புட்டியை மூடினாள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சுட்டால் தொடாதே என்று, தொழில் கற்ற முதல் வாரத்திலேயே அவள் காதில் போட்டிருந்தார்கள்.

"நான் பிடிக்கமாட்டேன். உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அழுத்தினா உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிடும், உசுருக்கே ஆபத்து. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. யாரையும் தொடவிடாதீங்க."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. அதனாலதான் போகச் சொல்றேன்."

ஜியாரோங் முகம் சிவக்க, நொண்டிக்கொண்டே வெளியேறினாள்.

"எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு," என்றாள் முதலாளியம்மா காவ். "நான் இங்க என் காலை நானே பிடிச்சுக்கறேன்."

லீஷியா கண்ணாடிக் கதவருகே போய் நின்றாள். எதிர்வரிசையிலும் ஒரு கால்பிடிக் கடை உண்டு. அதன் வாசலில் நின்று ஜியாரோங் பலகையைப் படித்தாள். உள்ளிருந்து ஒருத்தி கையசைத்து அழைத்தாள். ஜியாரோங் ஒரு எட்டு வைத்தாள், நின்றாள், திரும்பி இந்தக் கடையை முறைத்தாள். பிறகு டாக்ஸியை நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கா, வேறு கடைக்கா? தொலைபேசி எண்ணைக்கூட வாங்கவில்லை. வெறும் சதைப்பிடிப்பாக இருந்தால், ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வீணாகப் பயமுறுத்தியாகிவிட்டது. இல்லாவிட்டால்? அடுத்து வந்த நாட்களில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே லீஷியாவின் கை வேலையில் நின்றுவிடும்.

"அதே காலைத்தான் ரெண்டாவது தடவை பிடிக்கிறே," என்றார் கால் பிடிக்க வந்திருந்த ஒரு கிழவர். "இன்னொண்ணு கோவிச்சுக்கப் போகுது."

ஐந்தாம் நாள் ஒரு கூடை கொய்யாவோடு ஒருவன் வந்தான். ஜியாரோங்கின் கணவன்.

"ரத்தக்கட்டிதான்க்கா. ஸ்கேன்ல தெரிஞ்சுது. தினம் ஊசி போடறாங்க, பிரசவத்துக்கு அப்புறமும் கொஞ்ச நாள் போடணுமாம். புள்ள நல்லா இருக்கு."

லீஷியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கொய்யாவை எண்ணெய்க் கையோடு தொடாதே," என்று மட்டும் சொன்னாள் காவ்.

குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும், வழக்கப்படி பங்கிடும் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளோடு வந்த ஜியாரோங், அப்போதுதான் ஒன்றை ஒப்புக்கொண்டாள். அன்று அவள் ஆஸ்பத்திரிக்குப் போனது லீஷியாவை நம்பி அல்ல. காலில் ஒன்றுமே இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிவந்து, அந்தத் தாளைக் காவின் மேசையில் போட்டு, லீஷியாவை வேலையிலிருந்து நீக்கச் சொல்லத்தான் போனாள்.