அந்த அட்ரஸில் அப்படி யாரும் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்றில், விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. பக்கத்தில் என் கணவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கம்ப்யூட்டரை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, நான் என் வீட்டில் குடியிருக்கவில்லை என்று சொன்னார்.

"நீங்க குடுத்த அட்ரஸ்ல அப்படி யாரும் இல்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கும்மா. விசா நீட்டிப்பு மனுவை குளோஸ் பண்ணிட்டாங்க."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. காலையில் அந்த வீட்டில்தான் இட்லி ஊற்றி, குழந்தையைக் குளிப்பாட்டி, ஈரத் தலையை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தேன். இல்லாத ஆள் எப்படி இட்லி ஊற்றுவாள்? என் கணவர் சிரிக்கவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பும் நின்றது.

நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் படித்து, பாலர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தேன். எங்கள் ஊருக்கு வெல்டிங் வேலைக்கு வந்தவர் என் கணவர். ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்துக்காரர். இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, திண்டிவனத்தில் கல்யாணம் செய்து, முறையாகப் பதிவும் செய்தோம். பிறகு நான் திரும்பிப் போய், மனைவி என்ற வகையில் ஒரு வருட விசா வாங்கிக்கொண்டு, நான்கு மாதக் கர்ப்பத்தோடு வந்து சேர்ந்தேன்.

தாலி ஏறிவிட்டால் ஊர்க்காரி ஆகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். சட்டத்துக்கு அந்த அவசரம் இல்லை. விசாவை வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். கல்யாணத்தைப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆன பிறகுதான் விசா இல்லாமல் நிரந்தரமாகத் தங்கவும் வந்துபோகவும் உரிமை தரும் அட்டைக்கு மனுப் போடவே முடியும். என் கொள்ளுத் தாத்தா இந்தச் சீமையிலிருந்துதான் கப்பல் ஏறினார் என்று அப்பா சொல்வார். அதற்கு ஆதாரமாக ஒரு துண்டுக் காகிதம்கூட எங்கள் வீட்டில் இல்லை. பூர்வீகத்தைக் காட்டி அட்டை வாங்கும் வழியும் அடைபட்டது.

வேலையும் கூடாது. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் என் ஆங்கிலத்தைக் கேட்டுவிட்டு, நாளைக்கே வந்து சேருங்கள் என்றார்கள். தனி அனுமதி இல்லாமல் இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது என்று மறுத்துவிட்டேன். தெருவில் இருந்த பெண்கள் சும்மா விடவில்லை. இவ்வளவு படித்துவிட்டு ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று துளைத்து எடுத்தார்கள். விசாவின் சட்டதிட்டங்களை எல்லாம் விளக்க முடியாமல், சுருக்கமாக, "வேலைக்குப் போனா போலீஸ் வந்து பிடிச்சிட்டுப் போயிடும்" என்று சொல்லிவைத்தேன். வாய் தவறிச் சொன்னதல்ல. பேச்சை முடிப்பதற்காகச் சொன்னது.

சும்மா இருக்கவும் முடியவில்லை. சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். காசு வாங்குவதில்லை. முருங்கைக்கீரை வரும், மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலை அவித்து வரும், வெள்ளரிப்பிஞ்சு வரும். தெருவில் எனக்குப் பெயரே 'மலேசியாக்காரி' என்றாகிவிட்டது. மலேசியாக்காரி வீட்டுக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லித்தான் பிள்ளைகள் கிளம்புவார்கள்.

விசா முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு மனுப் போட்டுவிட்டோம். போலீஸ் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகும், அதன் பிறகு அனுமதி வரும் என்றார்கள். காத்திருந்தோம். காத்திருக்கும்போதே விசா தேதி முடிந்தது. மனு உள்ளே இருக்கும்வரை பயமில்லை என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் மலேசியாவில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அனுமதி வந்த மறுநாளே குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுத்து, மூவரும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தோம். அப்பா பேத்தியை வீடியோவில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

இப்போது மனுவே இல்லை என்றாகிவிட்டது.

"சார், அப்பா சீரியஸா இருக்கறாரு. நான் மட்டுமாவது போயிட்டு வந்துடறேனே" என்று கேட்டேன்.

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "வெளிய போறதுக்குத் தனியா பர்மிஷன் கேக்கலாம்மா. ஆனா இப்படி ஒரு ரிப்போர்ட்டை வெச்சிக்கினு போனீங்கன்னா, திரும்பி உள்ள விடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. கைக்குழந்தை வேற. புதுசா மனு போடுங்க. மறுபடியும் விசாரணைக்கு அனுப்பச் சொல்றேன்."

அப்பாவைப் பார்க்கப் போனால் பால்குடிக்கும் குழந்தையிடம் திரும்பி வர முடியாமல் போகலாம். குழந்தையோடு இருந்தால் அப்பாவைப் பார்க்க முடியாமல் போகலாம். அந்த அலுவலகத்து வாசலில் நின்று நான் அழுத அழுகையில் குழந்தையும் சேர்ந்து அழுதது.

திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் போலீஸ்காரரைத் திட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கே வராமல் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிவிட்டார் என்பது அவர் கட்சி. வீட்டு வாசலில் கால் வைத்ததும் அத்தையிடம், அதாவது அவர் அம்மாவிடம், அதையே கத்திச் சொன்னார். அத்தை மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"வந்தாங்கடா" என்றார்.

நாங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போட திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் வந்திருக்கிறார்கள். ஒரே ஒரு காவலர், பைக்கில். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும். அவர் அதை வாசித்த விதத்தைக் கேட்டிருந்தால் எனக்கே யாரோ என்றுதான் இருந்திருக்கும். இரண்டு தரம் தடுமாறிவிட்டு, கடைசியில் நேரடியாகக் கேட்டிருக்கிறார், இந்த வீட்டில் வெளிநாட்டுக்காரி யாராவது தங்கியிருக்கிறாளா என்று.

"வெளிநாட்டுக்காரி கீறாளானு போலீசு வந்து கேட்டா நான் இன்னான்னு நெனைப்பேன்? புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கறத எவனோ போட்டுக் குடுத்துட்டான், புடிச்சிக்கினு போவ வந்துட்டாங்கன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. அப்படி யாரும் இங்க இல்லீங்க, நானும் எம் புள்ளையும்தான்னு சொல்லிட்டேன்."

காவலர் நம்பாமல் எதிர்வீட்டில் விசாரித்திருக்கிறார். எதிர்வீட்டு அக்காவின் இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் படிக்கிறார்கள். அந்த அக்கா ஒரு படி மேலே போய், இந்தத் தெருவிலேயே வெளியூர் ஆள் கிடையாது, எல்லாரும் பங்காளிங்கதான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் துணிகளை, ஊரிலிருந்து வந்துபோன நாத்தனாருடையது என்று அத்தை சொன்னாராம். காவலர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"எங்கிட்ட ஏன் அத்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"பால் குடுக்கறவ. பயந்துக்கினா பால் வத்திப்போயிடும்னு நாங்கதான் பேசி வெச்சிக்கினோம். ஒருத்தி வாயும் தெறக்கல."

தெரு முழுக்கச் சேர்ந்து காப்பாற்றியிருந்தார்கள் என்னை. என் கணவர் பெற்ற தாயென்றும் பாராமல் தெருவே கேட்கும்படி கத்தினார். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "நாங்க இன்னா காட்டியா குடுத்தோம்? எங்க உசுரக் குடுத்து மறைச்சோமே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அத்தை அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. கடைசியில் சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிவிடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. எனக்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று எல்லாரும் பயந்து ஒதுங்கியே இருந்தார்கள்.

புது மனுப் போட்டோம். மறுபடியும் காத்திருப்பு. தினமும் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் கூப்பிடுவான். அப்பா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்பார். "டிக்கெட் எடுத்துட்டியா பிள்ளை?" எடுத்தாச்சுப்பா என்பேன். எந்தத் தேதி என்று அவர் கேட்டதில்லை. புரிந்துகொண்டுதான் கேட்காமல் விட்டாரோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். நடுவில் ஒருநாள் தம்பி பொறுமை இழந்து, "அங்க கல்யாணம் கட்டிக்கிட்டுப் போனதுக்கு அப்பாவப் பாக்கக்கூட விடமாட்டாங்களா, என்னக்கா நாடு அது?" என்று கேட்டான். நாடு எதுவும் செய்யவில்லை, என் மாமியார் என்மேல் வைத்த பாசம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

விசாரணைக்கு ஆள் வருவதற்குள் அப்பா போய்விட்டார். காலையில் நானும் அத்தையும் விதைக்காக மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கையிலிருந்த பருப்பை முறத்தில் போட்டேன், அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் எடுப்பு. தம்பியின் நண்பன் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்துக் காட்டினான். பறை இல்லை, எங்கள் ஊரில் உறுமிதான். அப்பாவுக்குப் பட்டு வேட்டி கட்டியிருந்தார்கள். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மகள் போடட்டும் என்று அங்கே யாரோ பழக்கத்தில் சொல்ல, அந்தக் கூட்டமே அமைதியானது எனக்கு இங்கே கேட்டது.

அத்தை எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டில் பச்சரிசி கொண்டுவந்தார். என் கையிலிருந்த போனை வாங்கி, இன்னொரு தாம்பாளத்தில் மல்லாக்கப் படுக்கவைத்தார்.

"போடும்மா. அவரு வாய்க்குப் போய்ச் சேரும்."

போட்டேன். அப்பாவின் முகத்தின்மேல் அரிசி விழுந்து, கண்ணாடியில் சறுக்கிக் கீழே இறங்கியது. என் கணவர் குழந்தையின் கையைப் பிடித்து அதையும் போடவைத்தார். குழந்தை இரண்டு அரிசியைப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தன் வாயில் வைத்துக்கொண்டது. அத்தை தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எங்கள் அப்பாவை அவர் நேரில் பார்த்தது கல்யாணத்தில் ஒரு முறைதான். நான் அழவில்லை. அன்றைக்கு என்னால் அழ முடியவில்லை.

கருமாதி முடிந்த பிறகு ஒருநாள் அதே காவலர் வந்தார். பைக் சத்தம் கேட்டதுமே அத்தை வாசலுக்கு ஓடினார். அவர் வண்டியை ஸ்டாண்ட் போடுவதற்குள், "ஐயா, வெளிநாட்டுக்காரி இங்கதாங்க கீறா. எம் மருமவதாங்க. எழுதிக்குங்க ஐயா, ஜல்தியா எழுதிக்குங்க" என்று கையைக் கூப்பினார். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பெண்கள். ஆளாளுக்கு, ஆமாங்க வெளிநாட்டுக்காரிதாங்க, எங்க ஊருப் பொண்ணே இல்லீங்க என்று சாட்சி சொன்னார்கள். காவலர் குழம்பிப்போய், "ஒருத்தர் சொன்னா போதும்மா, எதுக்கு இத்தினி பேரு?" என்றார். கூப்பிய கையோடு நின்ற அத்தைக்கு அழுகை வெடித்தது. போன தரம் இதை ஏன் சொல்லவில்லை என்று காவலரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

அனுமதி வந்தது. அதை வைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்க்க வேண்டிய ஆள்தான் இல்லை.

இப்போது அட்டையும் கிடைத்துவிட்டது. முறைப்படி அனுமதி வாங்கி, அந்தப் பள்ளியிலேயே வேலை செய்கிறேன். அத்தை குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அப்பாவின் திதி அன்று, நான் கேட்காமலே குளித்துவிட்டு வந்து படத்துக்கு விளக்கேற்றுகிறார். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுப்பதில்லை.

வேண்டாதவர் யாராவது இதைச் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றி மனதை ஆற்றியிருப்பேன். அப்பாவைக் கடைசியாகப் பார்க்க விடாமல் என்னைத் தடுத்தவர்கள் எல்லாரும் என்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் என்பதால், எனக்குள் இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.