றொபின்சன் அடைத்த யன்னல்கள்

றொபின்சனுடைய தகப்பன் நெடுந்தீவில் வள்ளங்களுக்குக் கலப்பற்று வேலை செய்தவர். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றி, கடல் ஒரு சொட்டும் உள்ளே எட்டிப் பார்க்காமல் அடைக்கிற வேலை. அவர் அடைத்த வள்ளம் ஒன்று கடலடிக் கற்பாரில் மோதிப் பலகை பலகையாகக் கழன்று போன பிறகும், அடைப்பு மட்டும் வள்ளத்தின் உருவத்திலேயே கடலில் மிதந்து திரிந்ததாம். விசயம் தெரியாத ஒருவர் அதில் ஏறிப் போய் மீனும் பிடித்துக்கொண்டு வந்தாராம். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கும் இவ்வளவு விளங்கினால் போதும்: அந்தக் கை அப்படியே மகனுக்கு வந்திருந்தது.

கை வந்தது, வேலை வரவில்லை. கடல் முழுக்க பைபர் வள்ளமாகிவிட்ட காலம் இது. இருந்த ஒரு மரவள்ளத்தையும் புயல் ஒன்று கொண்டுபோனது. அதே புயல் வீட்டுக் கூரையையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. றொபின்சனும் மனைவி மேரிசுகந்தியும் கையில் ஒரு பெட்டியோடு மண்கும்பானுக்கு வந்து, இராசநாயகத்தின் வீட்டுக்குக் காவலாக இருந்தார்கள். கார் விடுகிற கராச்சுக்குப் பின்னால் ஓர் அறையும், சமைக்கச் சின்னக் குசினியும். காவல் இருக்கும்வரை அது அவர்களுடைய வீடு. காவல் இல்லையென்றால் போவதற்கு இந்தப் பூமியில் வேறு கூரை கிடையாது.

இராசநாயகம் நோர்வேயில் இருந்தார். அங்கே குளிருக்குப் போடுகிற இரட்டைக் கண்ணாடி யன்னலைக் கொண்டுவந்து மண்கும்பான் வெயிலுக்குப் போட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடி, நடுவில் வெளிக்காற்றுப் போகாத இடைவெளி. ஏசி போட்டால் குளிர் வெளியே போகாது, கோயில் லவுட்ஸ்பீக்கர் உள்ளே வராது. அந்த இரண்டாவது வசதிக்காகத்தான் அவர் அவ்வளவு பாடுபட்டார். யன்னல்களைப் பூட்டிவிட்டால் வீட்டுக்குள் எவ்வளவு அமைதி என்றால், சுவரில் இருக்கிற பல்லி தான் சொன்னது தனக்கே கேட்டதோ இல்லையோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு தரம் சொல்லும்.

காவலுக்கு வந்த முதல் மாரியில்தான் விசயம் தொடங்கியது. நல்ல காற்றும் மழையும். றொபின்சன் குடையோடு வீட்டைச் சுற்றி வந்தபோது, யன்னல் சட்டங்களின் அடியில், வெளிப்பக்கமாக, விரல்நகம் அளவில் சின்னச் சின்னத் துளைகள் இருப்பதையும், அவற்றால் தண்ணீர் ஒழுகுவதையும் கண்டார்.

"சுகந்தி, ஓடியா! யன்னலெல்லாம் ஓட்டை!"

சுகந்தி வந்து குனிந்து பார்த்தாள். "தண்ணி வெளியாலைதானே வருது. உள்ளுக்கை ஒரு சொட்டும் இல்லையே அப்பா."

"இண்டைக்கு வெளியாலை வரும், நாளைக்கு உள்ளாலை வரும். ஓட்டையெண்டால் ஓட்டைதான்."

"போட்டவன் தெரியாமலே ஒரே அளவிலை ஓட்டை வைச்சிருப்பான்?"

"உனக்கென்ன தெரியும்? நீ கரையிலை நிண்டு மீன் எண்ணினனி."

கடலில் வளர்ந்த மனிதனுக்குத் தண்ணீர் தெரிகிற துளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. மழை விட்ட கையோடு குங்கிலியம் வாங்கிக் காய்ச்சினார். மேல்வீடு கீழ்வீடு என்று பாராமல் எல்லா யன்னல் துளைகளிலும் பஞ்சைத் திணித்து அடைத்தார். தகப்பன் இருந்து பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். அவ்வளவு திறமான அடைப்பு. அடுத்த மழைக்கு ஒரு துளையாலும் ஒரு சொட்டு வரவில்லை. றொபின்சன் அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த மாரி முடிந்த தை மாதம், மண்டபத்தில் கடலைப் பார்த்த பெரிய நடு யன்னலில் ஒரு மூலையில் மூச்சு பட்டது போல வெள்ளையாகப் புகார் படிந்தது. றொபின்சன் துணியால் துடைத்தார். போகவில்லை. வெளியே போய்த் துடைத்தார். போகவில்லை. உள்ளே சுகந்தியும் வெளியே அவருமாக நின்று ஒரே நேரத்தில் துடைத்தார்கள்.

"உங்கட பக்கம்தான் அப்பா ஊத்தை!"

"இல்லை, உன்ரை பக்கம்!"

புகார் இருந்தது இரண்டு பக்கத்திலும் இல்லை. நடுவில், இரண்டு கண்ணாடிக்கும் இடையில், ஒருவரும் கை வைக்க ஏலாத இடத்தில். பங்குனி வருவதற்குள் அது கண்ணாடி முழுவதும் பரவி, காலையில் துளிதுளியாக நின்று, மத்தியானம் காய்ந்து, வெள்ளைக் கோடுகளாக இறங்கியது. கண்ணில் பூ விழுந்த ஆளைப் போல நடு யன்னல் கடலை வெறித்துக்கொண்டு நின்றது.

அதன் பிறகு றொபின்சனுக்கு நித்திரை இல்லை. வினாகிரி பூசினார். சாம்பல் பூசினார். எலுமிச்சம்பழத்தால் தேய்த்தார். உப்பு ஈரத்தை இழுக்கும் என்று, உப்பைத் துணியில் கட்டிக் கண்ணாடியில் ஒட்டினார். உப்பு மண்கும்பான் காற்றின் ஈரத்தை எல்லாம் இழுத்துத் தானே கரைந்து, கம்பளத்தில் வடிந்தது. இராசநாயகத்தின் மனைவி விட்டுப்போன தலைமயிர் காயவைக்கிற மெசினைக் கொண்டுவந்து பிடித்தார். அது கொஞ்ச நேரம் இரைந்துவிட்டுச் செத்தது. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார்.

இராசநாயகம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் முகம் பார்த்துக் கதைப்பார். வீட்டைக் காட்டச் சொல்லுவார். றொபின்சன் போனைப் பிடித்துக்கொண்டு நல்ல யன்னல்களை மட்டும் காட்டிக்கொண்டு நடப்பார்.

"அந்த நடு யன்னலைக் காட்டும் பாப்பம்."

"ஓம் அண்ணை, இந்தா... அண்ணை? அண்ணை கேக்குதோ? லைன் வெட்டுது அண்ணை!"

லைன் வெட்டவில்லை. வெட்டினது றொபின்சனுடைய விரல்.

ஆவணியில் குடும்பத்தோடு வருவதாக இராசநாயகம் சொன்னபோது, சுகந்தி அடுப்படியை விட்டு எழும்பி வந்தாள். "கலைக்கப் போறார். வேலணையிலை இருக்கிற அவரின்ரை மச்சான்காரன், காவலுக்குத் தான் இருக்கிறனெண்டு எப்பவோ துவங்கி வீட்டுப் பூட்டுத் திறப்பைக் கேக்கிறான். இனி எங்கை போறது, சொல்லுங்கோ?"

கண்ணாடியில் சின்னத் துளை போட்டு உள்ளே இருக்கிற ஈரத்தைக் காயவைக்கலாம் என்று யாரோ போனில் காட்டிய படத்தை றொபின்சன் பார்த்திருந்தார். டிறில் மெசின் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். வெளிக்கண்ணாடியின் கீழ்மூலையில் ஊசியை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு அமத்தினார்.

அது சூடேற்றி இறுக்கிய கண்ணாடி. அதில் துளை போட ஏலாது. ஓர் இடத்தில் காயம் பட்டால் முழுவதும் போகும். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, கண்ணாடி தானே சொன்னது. வெடி வைத்த சத்தம். மறுகணம் அவ்வளவு பெரிய கண்ணாடி பொடிப்பொடியாகி, உப்புமூட்டை அவிழ்ந்தது போலக் காலடியில் கொட்டுண்டு கிடந்தது. சாட்டிக் கடற்கரையில் குளித்துக்கொண்டிருந்த சனம் இடி என்று நினைத்துக் கரையேறியதாகப் பிறகு கதை.

சுகந்தி ஓடிவந்தாள். "என்னப்பா அது?"

றொபின்சன் டிறிலைப் பிடித்தபடி நின்றார். "புகார் போயிட்டுது," என்றார்.

பகிடி இல்லை, உண்மையாகவே போய்விட்டது. உட்கண்ணாடி அப்படியே இருந்தது. கடல் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பொடியைக் கூட்டி அள்ளி, சட்ட விளிம்பை வழித்துத் துடைத்தார்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

இராசநாயகம் வந்தார். யன்னலைப் பார்த்தார். "நல்லாத் துடைச்சு வைச்சிருக்கிறீர்," என்றார். றொபின்சனுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மனிசன் ஏசியைப் போட்டுவிட்டு மண்டபத்துச் சாய்கதிரையில் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்தார்.

"றொபின்சன், இஞ்சை வாரும். காகம் கத்துதே?"

"எங்கை அண்ணை? எனக்குக் கேக்கேல்லை."

"எனக்குக் கேக்குது. இந்த வீட்டுக்குள்ளை இருந்து நான் ஒருநாளும் காகம் கேட்டதில்லை."

அவர் எழும்பி ஒவ்வொரு யன்னலாகக் காதை வைத்தார். நடு யன்னலில் வைத்த காதை எடுக்கவில்லை. பிறகு வெளியே போய், கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் விரலை நீட்டினார். விரல் வெறுங்காற்றில் போனது.

யாழ்ப்பாணத்திலிருந்து சசிகரன் என்கிற கண்ணாடி வேலைக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் யன்னலைப் பார்க்கவில்லை, குனிந்து அடியைப் பார்த்தார். "இதை ஆர் அடைச்சது?"

"நான்தான் தம்பி," என்றார் றொபின்சன். "ஒழுகினது. அதுதான்."

"ஒழுகத்தானே அண்ணை வேணும்! காத்து மழைக்கு றப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணி சட்டத்துக்குள்ளை போகத்தான் செய்யும். அது வடியத்தான் இந்தத் துளை. நீங்கள் அடைச்சால் தண்ணி உள்ளுக்கை தேங்கும். இரண்டு கண்ணாடியையும் ஓரத்திலை ஒட்டின பசை தண்ணிக்கை ஊறி விட்டுப்போகும். பிறகு ஈரம் நடுவிலை போகும். போனதை ஒருத்தராலும் துடைக்க ஏலாது." அவர் இராசநாயகத்தின் பக்கம் திரும்பினார். "சட்டம் நல்லாயிருக்கு ஐயா, அதைக் கழற்றத் தேவையில்லை. கண்ணாடிச் சோடியை மட்டும் மாத்தலாம். ஆனால் மற்ற யன்னலெல்லாம் இப்பிடித்தான் அடைச்சுக் கிடக்கு. வாற மாரிக்கு முன்னம் திறக்காட்டி அதுகளும் இப்பிடித்தான்."

திறப்பதற்குச் சசிகரன் ஸ்குரூட்றைவரால் குத்தினார். ஸ்குரூட்றைவர்தான் வளைந்தது.

இராசநாயகம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். பிறகு அடைத்த துளைகளைக் காட்டினார்.

"அடைச்ச நீரே திறவும். மழைக்கு முன்னம் எல்லாம் திறந்திருக்க வேணும். திறந்து முடிஞ்சதும் திறப்பை மச்சானிட்டைக் குடுத்திட்டு வெளிக்கிடும்."

அவர்கள் நோர்வேக்குப் போனார்கள். நடு யன்னலுக்குப் பலகை அடித்திருந்தது. புதுக் கண்ணாடி கப்பலில் வரவேண்டும்.

சுகந்தி கணக்கை நேராகவே சொன்னாள். "திறந்து முடிஞ்சால் நாங்கள் தெருவிலை. அப்ப ஏன் முடிக்கிறியள்? மெல்லமாச் செய்யுங்கோ."

றொபின்சன் மெல்லத்தான் செய்தார். எண்ணெயைக் காய்ச்சி, கரண்டியால் துளியாக அடைப்பில் விட்டு, குங்கிலியம் இளகும்வரை பார்த்திருந்து, நுனி வளைத்த சைக்கிள் கம்பியால் பஞ்சை நூல்நூலாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் சட்டம் கீறும். இவ்வளவு திறமாக அடைத்த கையை அவர் நாள் முழுக்கத் திட்டினார். ஒரு துளை திறந்தால் பிறகு வேப்பமரத்தடியில் போய் இருந்துவிடுவார். மச்சான்காரன் இரண்டு தரம் வந்து, வாசல் படலையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

ஐப்பசி பிறந்தது. ஒருநாள் பின்னேரம் தென்கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. றொபின்சன் அதைப் பார்த்தார். மூடிக்கிடக்கிற யன்னல்களைப் பார்த்தார். எழும்பி அடுப்பை மூட்டினார்.

"என்னப்பா இவ்வளவு அவசரம், ஆரும் கலைக்கிற மாதிரி?"

"மழை வருது."

"வரட்டும்! அது எங்கட யன்னலே? எங்களைக் கலைக்கிற மனிசன்ரை யன்னல்!"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு?"

"தண்ணி தேங்குது எண்டு தெரிஞ்சுகொண்டு பாத்திருக்க ஏலாது சுகந்தி. ஓட்டையைப் பாத்திருக்க ஏலாம அடைச்சன். இப்ப இதைப் பாத்திருக்க ஏலாது. நான் என்ன செய்ய?"

சுகந்தி அழுதாள். அழுதுகொண்டே எண்ணெய்த் தாச்சியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஏணியடிக்குப் போனாள். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் இரண்டு பேரும் நிமிரவில்லை. மேல்வீட்டுக் கடைசி யன்னலில் கடைசிப் பஞ்சை இழுத்தபோது கம்பியில் மழைத்துளி விழுந்தது. சுகந்தி இறங்கிப் போய்ச் சாமான்களைக் கட்டத் தொடங்கினாள்.

விடியும்வரை மழை. காலையில் போன் அடித்தது.

"மண்கும்பானிலை மழையாமே. வடியுதோ?"

"வடியுது அண்ணை."

"காட்டும்."

றொபின்சன் இந்தமுறை ஒன்றையும் ஒளிக்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு யன்னலாகக் காட்டினார். சட்டத்துக்குள் கிடந்த பழைய அழுக்கும் புதுத் தண்ணீரும் கலங்கி, சிவந்து, துளைதுளையாக இறங்கியது. சாப்பாட்டு அறை யன்னலில் ஒரு துளை மட்டும் காய்ந்து கிடந்தது.

"அது ஏன் வராது?"

றொபின்சன் குனிந்து பார்த்தார். கம்பியை விட்டுக் கிண்டினார். மண்கட்டி ஒன்று உடைந்து விழ, தண்ணீர் பீறிட்டது.

"குளவி அண்ணை. போன கிழமை திறந்த துளை. அதுக்குள்ளை மண் வைச்சிட்டுது. எல்லாத்திலையும் வைக்கும். காத்துக்கு மணலும் வந்து மூடும்."



"அப்ப உந்தத் துளையளை ஆர் பாத்துக் கிண்டுறது?"

றொபின்சன் யோசித்தார். மச்சான்காரனின் பெயரைச் சொல்வதுதான் முறை. சொல்ல வாய் வரவில்லை. "தெரியேல்லை அண்ணை," என்றார்.

"திறப்பு எங்கை?"

"என்னட்டைத்தான். இண்டைக்குக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு..."

"இண்டைக்கு மழை. குடுக்காதையும். பிறகு சொல்லுறன்."

உண்மையாகவே லைன் வெட்டியது.

சுகந்தி மூட்டைகளுக்கு நடுவில் நின்றாள். "என்னவாம்?"

"மழை விடட்டாம்."

"விட்டால்?"

"சொல்லேல்லை."

அவள் மூட்டைகளில் ஒன்றை மட்டும் அவிழ்த்து, சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். மற்றவை கட்டினபடி கிடந்தன.