மார்பா, தொடையா?

சுருங்கிப்போன இதய வால்வை மாற்ற இரண்டு வழி உண்டு. அந்த இரண்டையும் நோயாளியின் வீட்டாருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளக்கிச் சொல்வதுதான் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கு வேலை. மார்பைத் திறந்து தைப்பது ஒன்று. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, புது வால்வை உள்ளே கொண்டுபோய் விரிப்பது இன்னொன்று. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு நாளாவது காத்திருந்தவர்களுக்கு மீதியை நான் சொல்லவே வேண்டாம்.

மாங்காய் முடியட்டும்

புத்தலப்பட்டு விவசாயி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். மாந்தோப்பில் நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. தொடை வழியாகவே செய்யுங்கள் என்றார். அந்த வால்வு எத்தனை வருஷம் உழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, உங்கள் வயதுக்கு மார்பைத் திறந்து உலோக வால்வு வைப்பதே நல்லது என்றார் டாக்டர். நெஞ்செலும்பை அறுப்பார்கள், அது கூடும்வரை பாரம் தூக்கக் கூடாது என்று நானும் சொன்னேன். அறுவடை முடிந்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். தள்ளிப்போடாதீர்கள் என்று லிப்ட் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன்.

வரவில்லை. போன் செய்தேன். மனைவி எடுத்தார். தோப்பிலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனாராம். அந்த அம்மா சொன்னார்: "காய் எறங்கனதும் வரேன்னு சொல்லிக்கினு இருந்தாரும்மா. நேத்துதான் எல்லாம் எறங்கிச்சி."

இரண்டும் இல்லை

நகரியிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எண்பது தாண்டியவர். நுரையீரலும் சிறுநீரகமும் பழுது. மார்பைத் திறந்தால் தாங்காது. தொடை வழிதான் என்று நம்பிக்கையாக எல்லாம் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஸ்கேன் வந்தது. கால் ரத்தக்குழாய் முழுக்கச் சுண்ணாம்பாக இறுகிக் கிடந்தது, குழாய் நுழையாது. வேறு பக்கத்து ரத்தக்குழாய்களும் அப்படியே. மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்லவும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ரெண்டுமே ஆவாதுன்னா, ரெண்டையும் எனுக்கு எதுக்கும்மா அவ்ளோ நேரம் சொன்ன?"

அண்ணன் தம்பி

சத்தியவேட்டு அம்மா ஒருவருக்கு எழுபதை ஒட்டிய வயது. இவருக்கு எந்த வழியும் சரி, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய மகன் மார்பைத் திறக்கலாம் என்றார், சின்னவர் தொடை என்றார். என் அறையிலேயே தமிழில் தொடங்கி தெலுங்கில் அடித்துக்கொள்ளாத குறை. சின்னவர் ஜெயித்தார்.

வால்வு நன்றாக உட்கார்ந்தது. ஆனால் இதயத் துடிப்பு இறங்கிப்போய், பேஸ்மேக்கரும் வைக்க வேண்டியதாயிற்று. அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். சொல்லவே இல்லை, வேண்டுமானால் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் வந்து சத்தியம் பண்ணு என்றார் பெரிய மகன். அவர்கள் சண்டை வராண்டாவில் தொடர்ந்தது. கட்டிலில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "எனுக்கு எது வேணும்னு ஒருத்தரும் கேக்கலியே. நீகூட கேக்கல."

எங்கள் வீட்டில்

கடைசியில் என்னைப் பெற்ற நைனாவுக்கே வால்வு சுருங்கியது. அவருக்கு மார்பைத் திறந்துதான் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார், ஆனால் பழைய மனிதராக எழுந்து வரவில்லை. பேச்சு குறைந்துவிட்டது, வாசலுக்குக்கூட வருவதில்லை. அறுவைக்கு முன்னால் எதிரே உட்காரவைத்து, எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். ஒன்றையும் நான் விட்டுவிடவில்லை. முடித்ததும் கேட்டார்: "இத்தினி வருசமா எல்லாருக்கும் இப்பிடித்தான் சொல்லிக்கினு இருந்தியாம்மா? பயமா கீதே தவிர, ஒண்ணும் புரியலியே."

வழி இரண்டு என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். எது நல்ல வழி என்று கேட்பவர்களுக்கு, டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.