மூன்று அம்புக்குறிகளுக்கு முன்னால்

சட்டை தைக்கும் பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக அடுக்கி, சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, மேசையை ஒருமுறை சுற்றி வந்த பிறகே கத்தியைத் தொடுவார். ஒரு விரல் பிசகினால் நாற்பது சட்டை வீண். இருபத்திரண்டு வருடமாக இதே பழக்கம். ஞானம் என்று பட்டறையில் சொல்வார்கள். பாதி பயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஓர் ஆர்டருக்கு எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று தாளில் போட்டுப் போட்டு அலுத்தவர், அதைத் தானே எழுதிய நிரலிடம் விட ஆசைப்பட்டார். நூலகத்தில் பைதான் நிரல்மொழி வகுப்பு. ஓர் இடம்தான் மிச்சம். வீட்டுக் கணினியில் பைதானை நிறுவி, ஒரு வரியாவது ஓட்டி, ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குள் திரையைப் படமெடுத்து ஆசிரியைக்கு அனுப்ப வேண்டும்.

ஞாயிறு பதினொன்றரைக்கு நிறுவி முடித்தார். திரையில் மூன்று அம்புக்குறிகள். பக்கத்தில் கோடு கண் சிமிட்டியது. சட்டைக்கு ஒன்று புள்ளி ஆறு மீட்டர், நாற்பது சட்டை. நோட்டில் எழுதி மும்முறை சரிபார்த்து, தட்டச்சு செய்தார். பிறகு எழுந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றினார்.

பள்ளி வேன் ஓட்டும் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மேசைக்குக் காவலா?"

"சரியான்னு பாக்குறேன்."

"இந்நேரத்துக்கு நான் ரெண்டு ட்ரிப் அடிச்சிருப்பேன். என்டர தட்டுங்க."

"தப்பா இருந்தா?"

"லேப்டாப் என்ன ரெண்டா கிழிஞ்சிடுமா?"

தட்டினார். சிவப்பில் பிழைச்செய்தி. பட்டறை நோட்டில் போடுவதுபோலப் பெருக்கலுக்கு எக்ஸ் எழுத்தைப் போட்டிருந்தார்.

"போச்சு."

"என்ன போச்சு? கீழ பாருங்க. இன்னொரு தடவ கேக்குது."

குனிந்து பார்த்தார். பிழைக்குக் கீழே, எதுவும் நடக்காததுபோல அதே மூன்று அம்புக்குறிகள். வெட்டுப்பட்ட இடத்திலேயே புதுத் துணி விரிந்து கிடந்தது. வகுப்புத் தாளைப் புரட்டி, நட்சத்திரக் குறி போட்டார். 64.0 என்று வந்தது.

அனுப்ப வேண்டியவர் அனுப்பவில்லை. மேற்கோள்குறியை மூடாமல் விட்டார். எட்டைப் பூஜ்யத்தால் வகுத்தார். வேண்டுமென்றே இன்னும் மூன்று தப்பு செய்தார். ஒவ்வொரு தடவையும் திரை திட்டிவிட்டு மறுபடி காத்து நின்றது. அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"மணி பதினொன்னு அம்பத்தஞ்சு. வெளையாட்டு போதும், அனுப்புங்க."

"இந்தத் தப்பையெல்லாம் அழிச்சிட்டு..."

"அழிக்கிறதுக்குள்ள இடம் போயிடும்."

அப்படியே அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் ஆசிரியையின் பதில்: 'ஆறு பிழை, ஒரு விடை. இடம் உங்களுக்குத்தான். செவ்வாய் மாலை வாருங்கள்.'

மனைவி அதை இருமுறை வாசித்தாள். "மாஸ்டர் இப்ப மாணவர். சரி, சாப்பிட வாங்க."

"இரு, இன்னும் ஒரே ஒரு தப்பு பண்ணிட்டு வந்துடுறேன்."