சீர்த்தட்டில் வந்த டிராகன்

எனக்குப் பத்து வயதில்தான் காது குத்தினார்கள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் நடை பழகுவதற்குள் மொட்டையும் காதுகுத்தும் முடிந்துவிடும். என் காது மட்டும் தாய்மாமனுக்கு வேலை கிடைக்கட்டும் என்று காத்துக் கிடந்தது. மடியில் உட்காரவைத்துக்கொள்ள வேண்டியவரும் மாமன், சீர் கொண்டுவர வேண்டியவரும் மாமன். சம்பாத்தியம் இல்லாத மாமனை வைத்துக்கொண்டு எப்படி நாள் குறிப்பது? கோயமுத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் அவர் சேர்ந்த பிறகுதான் வீட்டில் பேச்சையே எடுத்தார்கள். அதற்குள் நான் அவர் மடிக்கு அடங்காமல் வளர்ந்துவிட்டேன். மொட்டைத்தலையில் சந்தனமும், தரையில் இழுபடும் கால்களுமாக நான் உட்கார்ந்திருக்கும் அந்தப் புகைப்படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை.

ஆனால் சீர் மட்டும் ஜோராக வந்தது. குலதெய்வக் கோயில் வாசலில் மேளம் முழங்க, தட்டுத் தட்டாகப் பழம், தேங்காய், வெல்லம், புதுத்துணி. கடைசித் தட்டில், வெற்றிலை பரப்பி, அதன்மேல் ஒரு வீடியோ கேம் பெட்டி! பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு டிஸ்க். அதன் அட்டையில் ஒரு டிராகன் வாயைப் பிளந்து நெருப்பைக் கக்க, எதிரே ஒருவன் கத்தியை ஓங்கி நின்றான். மாமா அந்த அட்டையைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். அதைப் பார்த்த நிமிடமே எனக்குக் காது வலி பறந்துவிட்டது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, தட்டருகே வந்து நின்றார். சீர் பார்ப்பதில் எங்கள் சொந்தத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த குத்துவிளக்கை விரலால் சுண்டிப் பார்த்து, "உள்ள வெறுங் கூடுங்களா?" என்று கேட்டவர். அதை அம்மா ஒரு நாளும் மறந்ததில்லை.

"இது என்னுங் தம்பி, டேப்ரெக்கார்டரா?" என்றார் அத்தை.

"கேமுங்க. டிவியில போட்டு ஆடறதுங்க. டிராகனெல்லாம் வருமுங்க," என்றார் மாமா. பெருமையில் அவர் முகம் பளபளத்தது.

"அப்படிங்களா? ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாரேன். அப்படி என்னதான் இருக்குதுன்னு பாத்துப்போடலாம்."



சோமனூரில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கூடம். தறி ஓடினால் டிவியில் யார் வாயசைத்தாலும் ஒன்றும் கேட்காது. பள்ளி விடுமுறை வேறு. அந்தச் சத்தத்தில் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஆடினேன். என்ன ஆட்டம் அது! கத்திக்காரன் காட்டுக்குள் நடந்தான். ஒரு சாவி கிடைத்தது. சாவியால் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இன்னொரு சாவி. முழங்கால் தண்ணீரில் கால் வைத்தால் செத்துப்போனான். எதற்காக ஓங்கிய கத்தியோ, அதை வைத்து ஒரு செடியைக்கூட வெட்ட முடியவில்லை. டிராகன் வரட்டும், டிராகன் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாமா போன் செய்து, "டிராகன் வந்துச்சா கண்ணு?" என்று கேட்பார். "இன்னும் இல்லீங் மாமா" என்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் குகைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுவரில் பெரிய இறக்கை ஒன்றின் நிழல் விழுந்து ஆடியது. அடுத்த நொடி திரை கறுத்து, ஆட்டம் செய்தவர்களின் பெயர்கள் கீழிருந்து மேலே ஓட ஆரம்பித்தன. அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது.

அடச்சீ! நான் ஓவென்று அழுதேன். தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும், அம்மா ஓடி வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் என்னைவிட அவள் முகம்தான் வாடியது.

"நாளைக்கு அத்தை முன்னால மூஞ்சியத் தொங்கப்போட்டுப்போடாத கண்ணு. மாமன் மொதமொதச் சம்பாதிச்சுக் கொண்டாந்த சீரு. அதுல ஒரு கொற சொல்லிட்டாங்கன்னா ஊரெல்லாம் பேசிப்போடுவாங்க. எம் பொறந்த ஊட்டு மானமே உங் கையிலதான் இருக்குது."

பத்து வயதுக்கு அது கொஞ்சம் பெரிய பாரம்தான். ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் மாமா கேட்டபோது, "நாளைக்கு வந்துருமுங் மாமா" என்று மனமறிந்து பொய்யும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு முடிந்த கையோடு, தூக்குப்போசி நிறைய வெல்லக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு அத்தை வந்து டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்று தறி ஓடாத நாள். அதனால் கத்திக்காரன் பேசுவது முதல்முறையாகக் கேட்டது. இரண்டடிக்கு ஒருதரம் "லெட்ஸ் கோ, லெட்ஸ் கோ" என்றான். மூன்று நாளாக ஏதோ பெரிய கதை சொல்கிறான் என்று நினைத்திருந்த எனக்கு மனசே விட்டுப்போயிற்று. போலாம் என்கிறான் என்று அத்தைக்குச் சொன்னேன்.

"எங்க போலாங்கறான்? போ சாமி, உன்னைய யாரு புடிச்சு வெச்சிருக்கறா?" என்றார் அத்தை.

கத்திக்காரன் தண்ணீரில் கால் வைத்தான், செத்தான். "அட கெரகமே! முழங்காத் தண்ணியில சாவறானே! வாய்க்கா பக்கமே போயிருக்க மாட்டானாட்டம்." மறுபடி பிழைத்து வந்தான். அத்தை என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக் கண்டபடி அமுக்கினார். அவன் நேரே போய்ச் சுவருக்குள் பாதி உடம்பைச் செருகிக்கொண்டு, அங்கேயே நின்றபடி வேக வேகமாக நடந்தான். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, கச்சாயம் புரையேறி, நான் அவர் தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. சமையலறைக் கதவோரம் அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அத்தை வீட்டில் இருக்கும்போது அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த உதவாக்கரை ஆட்டம் அன்றைக்கு அப்படி இனித்தது.

"சரி, அந்தப் பூதம் எப்பக் கண்ணு வரும்?" என்றார் அத்தை.

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அது ரொம்பத் தூரம் போவோணுமுங் அத்தை," என்றேன்.

"போலாம். இன்னைக்கு எனக்கு வேற என்ன சோலி?"

வேறு வழியில்லை, போனோம். சாவி, கதவு, சாவி, கதவு. பொழுது சாயும் நேரம் குகைக்குள் நுழைந்தோம். அம்மா காபி டம்ளரோடு வந்து நின்றாள், ஆனால் நீட்டவில்லை. சுவரில் இறக்கை நிழல் விழுந்தது, ஆடியது. திரை கறுத்தது. பெயர்கள் ஓடின. அத்தை டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

சரியாக ஆறு மணி. போன் அடித்தது. நான் எழுவதற்குள் அத்தை எடுத்துவிட்டார்.

"ஆமாங் தம்பி, நாந்தேன் பேசறேன். பாத்தனுங், பாத்தனுங். அடேங்கப்பா! டிவி கொள்ளல போங்க, நெருப்பக் கக்கீட்டு வந்துச்சு, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. சீருன்னா இதானுங் சீரு. எங்க சொந்தத்துல எந்த மாமன் கொண்டாந்தான் இப்படி?"

போனை வைத்துவிட்டு, அம்மாவின் கையிலிருந்த டம்ளரைத் தானே வாங்கி, "காப்பி ஆறிப்போச்சு அம்மணி" என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. மூன்று நாள் உயிரைக் கொடுத்து ஆடியவன் நான். ஒரே மத்தியானத்தில் இவர் பார்த்துவிட்டாரா?

"எப்பங் அத்தை வந்துச்சு? நான் பாக்கவே இல்லியே!"

"நீ கண்ணச் சிமிட்டிப்போட்ட கண்ணு," என்றார் அத்தை.

அந்த விடுமுறை முழுக்க அந்தக் குகைக்குள் நூறு தடவை போய் வந்திருப்பேன். இமைகளை இரண்டு விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கண் எரிந்து தண்ணீர் கொட்டியதுதான் மிச்சம். அன்றைக்கு அத்தை கிளம்பிய பிறகு அம்மா காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தாளே, அது எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கண்ணைச் சிமிட்டாமல் இருப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.