கால் வெந்தவளின் புகார்

வருஷங்கள் பல ஓடியும், அந்தக் காவல் நிலையத்தைத் தாண்டும்போதெல்லாம் லாரிக்காரனுக்குக் காறித் துப்பத் தோன்றும். அவனுடைய அக்காவைப் பொய்க்காரி என்று எழுதி மூடிய இடம் அது.

அக்கா தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவள். புருஷன் கைவிட்ட நாளிலும் கரிப்பெட்டியைக் கைவிடவில்லை. வாங்கிய துணியை அன்றே கொடுத்துவிட வேண்டும், இடி விழுந்தாலும் சரி. அவளுக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, வண்டி வழியை மறைக்கிறதென்று ஏட்டு ஒருவர் காலால் எத்தினார். கங்கு நிறைந்த பெட்டி அவள் பாதத்தில் கவிழ்ந்தது. எதிரே டயர் மாற்றிக்கொண்டிருந்த தம்பி கண்ணால் பார்த்தான். ஏட்டு தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நிலையத்தில் புகாரை வாங்கவில்லை. "ஏட்டய்யா மேலயேவா? போம்மா, போய் மருந்து போடு." அவள் ஆஸ்பத்திரிச் சீட்டோடு நொண்டிக்கொண்டே மேலதிகாரி அலுவலகம் போய், புகாரைக் கொடுத்து ரசீதும் வாங்கினாள். அந்தப் புத்திசாலிகள் அதை விசாரிக்க அனுப்பியது எங்கே? அதே நிலையத்துக்கு! திருடன் கையிலேயே சாவி.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். "அவரு எத்தினாருங்கற. அன்னிக்குச் சாயங்காலமே அவரு யூனிபார்மைத் தேச்சுக் குடுத்திருக்கியே?"

"ஆமாங்க. காலையில வாங்கின துணி. குடுக்கணுமில்ல?"

"வெந்து போனவ சட்டை தேய்ப்பாளா?"

"கையா வெந்துச்சு? காலுதானேங்க!"

அறையே சிரித்தது. அவளுடைய நாணயம் அவர்களுக்கு நாய் பெற்ற தெங்கம்பழம்தான், அருமை தெரியாது. தம்பி சாட்சி சொல்ல வாயைத் திறந்தான். முதல் சொல்லே கெட்ட வார்த்தை. வெளியே தள்ளினார்கள். புகார் பொய்யென்று எழுதி மூடினார்கள்.

அவள் விடவில்லை. போலீஸ் மீதான புகார்களைக் கேட்கும் ஆணையத்துக்கு எழுதிப் போட்டாள். அந்த ஆமை நகர்ந்து நகர்ந்து, இப்போதுதான் சாட்சியோடு வரச் சொல்லியிருக்கிறது. இதற்குள் ஏட்டுக்குப் பதவி உயர்வு, தொப்பைக்கும்தான்.

"பாருக்கா, அந்தச் சோத்து மூட்டையை நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கறேன்."

"நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். கண்ணால பாத்தத மட்டும் சொல்லு. ஒத்த வார்த்தை திட்டினாலும் மறுபடி என்னைப் பொய்க்காரின்னு எழுதிடுவானுங்க. எனக்காக அங்க மட்டும் வாய அடக்கி வைடா."