பாம்புக்காதும் பத்து வெறுங்குழியும்

என் அக்கா புருஷனுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. தெருவுக்கு அடியில் போகிற குழாயில் எங்கே தண்ணீர் கசிகிறது என்று காதால் கேட்டுச் சொல்ல வேண்டும். அதற்கென்று ஒரு கம்பி உண்டு. நெஞ்சு உயரத்துக்கு இரும்பு, மேல் முனையில் கிண்ணம் மாதிரிக் குடைந்த மரக்கட்டை. கீழ் முனையைத் தரையில் ஊன்றிக் கட்டையில் காதை வைத்தால், அடியில் கசிவு இருந்தால் 'உஸ்' என்று கேட்கும். அதாவது அவருக்குக் கேட்கும். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அந்தக் கம்பியில் என் மூச்சைத் தவிர எந்த எழவும் கேட்டதில்லை. அவர் கேட்டுவிட்டுத் தார் ரோட்டில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறியில் தோண்டுகிற ஆட்களுக்கு நான் மேஸ்திரி.

ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் பாம்புக்காது. கிண்டலாகத்தான் வைத்தார்கள். மனுஷன் அதை டாக்டர் பட்டம் மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டார். நாங்கள் டிரில் போட்டு ரோட்டைப் பிளக்கும்போது குழியின் விளிம்பிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் மேலே வந்ததும் ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், குழாயையே அவர்தான் பெற்றுப் போட்ட மாதிரி இருக்கும். டிரில் சத்தத்துக்குக் காதில் மாட்டிக்கொள்ள வாரியம் ஓர் அடைப்பான் கொடுத்தது. "பாட்டுக்காரன் தொண்டையில துணிய அடைச்சுப்பானா?" என்று கேட்டு அதை ஸ்டோரிலேயே திருப்பிப் போட்டுவிட்டார்.

தோண்டிப் பார்த்துத் தண்ணீர் இல்லையென்றால் அதற்கு வெறுங்குழி என்று பேர். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் குறித்து விழுந்த வெறுங்குழி மூன்றே மூன்று. அந்த மூன்றையும் ஏன் விழுந்தது, யார் காரணம் என்று கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காருகிறவனுக்கெல்லாம் விளக்குவார். காரணம் ஒரு தடவைகூட அவராக இருந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தி "குளியலறையில கசியுது" என்றார்.

அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துத் தைக்கிறவள். காலை மிதியிலிருந்து எடுக்காமலே, "மீட்டரப் பாருங்க, ஓடுதான்னு," என்றாள். யாராவது வீட்டில் கசிவு என்று புகார் சொன்னால் இவர் முதலில் சொல்வதே அதுதான். எல்லாக் குழாயையும் மூடு, மீட்டர் முள் நகர்ந்தால் கசிவு, நகராவிட்டால் இல்லை. இவர் போய்ப் பார்த்தார். முள் செத்துக் கிடந்தது.

"மீட்டர் கெட்டுப்போச்சு," என்று தீர்ப்பு சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

அக்கா ஆறு கடை ஏறி இறங்கிப் பொறுக்கிய டைல்ஸ் அது. போட்டு நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மத்தியானத்துக்குள் குளியலறையில் இடுப்பளவு பள்ளம். அடியில் மணல் பொலபொலவென்று காய்ந்து கிடந்தது. தகவல் கிடைத்து நான் போய் நின்றபோது, மனுஷன் பள்ளத்துக்குள் நின்றபடி, "பக்கத்து வீட்டுலேர்ந்து வருது மச்சான், சுவரோட வருது," என்றார். பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சுத்தியலோடு இவர் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார். கணக்கு தெரிந்த ஆள். அன்றிலிருந்து பன்னிரண்டு நாள் அக்கா குடும்பம் என் வீட்டில் வந்து குளித்தது.

அதோடு போயிருந்தால் வீட்டு விஷயம் என்று விட்டிருப்பேன். தெருவிலும் ஆரம்பித்தது. பெருக்கல் குறி போட்டார், தோண்டினோம், காய்ந்த மண். சரி, மனுஷன்தானே என்று மூடினோம். மறுநாள் இன்னொன்று. ஆறு வாரத்தில் பத்து வெறுங்குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சால்ஜாப்பு. மண் தண்ணியைக் குடிச்சிடுச்சு என்பார். நீங்க ஒரு சாண் தள்ளித் தோண்டிட்டீங்க என்பார். எட்டாவது குழியில், "நீங்க போட்ட சத்தத்துல கசிவு அடைச்சுக்கிச்சு," என்றார். என் ஆட்களுக்குக் கையெல்லாம் கொப்புளம். ஒருவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "மேஸ்திரி, உங்க அத்தான் புதையலு கிதையலு தேடுறாரா?" என்றான். தெருக்காரர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது.

என்ஜினியரம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு வெறுங்குழி விழுந்தால் கம்பியை ஒப்படைத்துவிட்டுப் புகார் பிரிவில் போன் எடுக்க உட்கார வேண்டும். ஓய்வு பெற இன்னும் ஏழு வருஷம் இருந்தது. கம்பியை வாங்கிவிட்டால் மனுஷனிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு இன்னொன்றும் தெரியும். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கோளாறு காதில் என்று எனக்கு நாலாவது குழியிலேயே பட்டுவிட்டது. என் வீட்டுக்குக் குளிக்க வந்தவர் கூடத்தில் நின்று, "எந்தக் குழாய் திறந்திருக்கு?" என்று மூன்று தடவை கேட்டார். எதுவும் திறந்திருக்கவில்லை. அப்போதே தனியாகக் கூட்டிக்கொண்டு போய், "அத்தான், காதை ஒரு தடவை காட்டிடுவோம்," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் குழி விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தவர், ஒரு நாள் மண்ணைக் கவ்வட்டுமே என்று இருந்தது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

வாரியத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு வழி இருக்கிறது. சந்தேகமான இடத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு, தெருமுனை வால்வை மூடி மறுபடி கேட்க வேண்டும். சத்தம் நின்றால் அது கசிவு. நிற்காவிட்டால் வேறு ஏதோ. இவர் அதைச் செய்ததே கிடையாது. "அதெல்லாம் காது இல்லாதவன் செய்ற வேலை," என்பார்.

பதினோராவது இடத்துக்குப் போன காலையில், அவர் வருவதற்கு அரை மணி முன்பே நான் போய்த் தெருவின் இரண்டு முனையிலும் வால்வை மூடிவிட்டேன். வால்வு திருகுகிற நீளச் சாவியை வண்டிக்கு அடியில் தள்ளினேன். என்ஜினியரம்மாவையும் ஒரு நடை வரச் சொல்லியிருந்தேன். ஆட்களுக்கு விஷயம் தெரியும். எல்லாரும் கல்யாண மாப்பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இவர் கம்பியை ஊன்றப் போனவர் நிறுத்தி, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "மச்சான், லைன்ல தண்ணி இருக்குல்ல?" என்றார்.

இத்தனை வருஷத்தில் இப்படிக் கேட்டவரே இல்லை.

"ஓ, ஃபுல்லா இருக்கு அத்தான்," என்றேன்.

காதை வைத்தார். கண்ணை மூடினார். "யப்பா, என்னா இரைச்சல்! மெயின் லைனே பிளந்திருக்கு," என்று சாக்பீஸை எடுத்தார்.

"லைன்ல சொட்டுத் தண்ணி கிடையாது அத்தான். ரெண்டு பக்கமும் மூடி அரை மணி ஆச்சு," என்று நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தெருவே சிரித்தது. என்ஜினியரம்மா சிரிக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தார். இவர் மறுபடி ஊன்றிக் கேட்டார். பிறகு கம்பியைத் தரையிலிருந்து தூக்கினார். அந்தரத்தில் பிடித்துக்கொண்டு கட்டையில் காதை வைத்தார். கடைசியில் கட்டையையும் காதைவிட்டு எடுத்துவிட்டுச் சும்மா நின்றார்.

"இப்பவும் கேக்குது மச்சான்," என்றார்.

முகத்தில் ஈயாடவில்லை. ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், உடனே நிறுத்தினால் அசிங்கமாக இருக்குமே என்று.

காது டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். சத்தம் புகாத ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, கையில் ஒரு பித்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். இவர் பரீட்சையில் முதல் மார்க் வாங்குகிற முனைப்பில் அழுத்தித் தள்ளினார். வெளியே இருந்த பெண் மைக்கில், "ஐயா, நான் இன்னும் மெஷினையே போடலை," என்றாள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். காதின் உள் நரம்பு அடிபட்டிருக்கிறது. வெளியே சத்தம் இல்லாமலே உள்ளே இரையும். இதை நிறுத்த மாத்திரை கிடையாது. "டிரில் பக்கத்துல நிப்பீங்களா?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம், விளிம்பிலேயே.

"சரிங்க. சத்தம் எந்த இடத்துலேர்ந்து வருது? அதைக் கரெக்டா சொல்லுங்க," என்றார் இவர்.

"இடம்னு ஒண்ணும் கிடையாதுங்க. அதையே கவனிச்சுக்கிட்டு இருந்தா பெருசாத் தெரியும். கவனிக்காம விட்டுட்டா நாளாவட்டத்துல பழகிடும்."

உஸ் என்கிற சத்தத்தைக் கவனிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆளிடம் போய்ச் சொல்கிறார், கவனிக்காதே என்று. வெளியே வந்ததும் இவர், "இந்த டாக்டருக்குத் தொழில் தெரியல மச்சான். இடம் இல்லாம எப்படிக் கசியும்?" என்றார். சிரிப்பு வந்தது. அவர் தலையைச் சாய்த்து மறுபடி எதையோ கேட்பதைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஊரில் எல்லாருமே டாக்டர். ஒருவர் எண்ணெய் விடச் சொன்னார், ஒருவர் எண்ணெயே ஆகாது என்றார். ஒருவர் தலைகீழாக நிற்கச் சொல்ல, ஐம்பத்து மூன்று வயதில் அதையும் செய்து கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அக்காவின் தையல் மெஷின் ஓடும்போது மட்டும் உள் சத்தம் அடங்குகிறது என்று தானாகவே கண்டுபிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மெஷினை, "தலைவலி, தலைவலி," என்று கரித்துக்கொட்டியவர் இப்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏன் நிறுத்திட்டே? தைக்க ஒண்ணும் இல்லையா?" என்று கெஞ்சினார். அக்கா, கிழிசலே இல்லாத போர்வைக்கெல்லாம் தையல் போட்டாள்.

நான் போனபோது அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "மெஷினை நிறுத்தினா உட்கார்ந்து அழறார்டா. நீ பத்து பேரை வச்சுச் சிரிச்சியாமே?"

"அக்கா, பத்துக் குழி தோண்டினது என் ஆளுங்க. எனக்குக் கோவம் வராதா?"

"டைல்ஸ் போனது என் வீட்டுல. நான் சிரிச்சேனா?"

அங்கிருந்து நேராக என்ஜினியரம்மாவிடம் போனேன். இடமாற்ற உத்தரவு கையெழுத்துக்கு ரெடியாக மேசையில் இருந்தது. புத்தகத்தில் உள்ள வழியைச் சொன்னேன். ஒவ்வொரு இடத்திலும் வால்வைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை கேட்கட்டும், வால்வு நான் திருகுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அன்னைக்கு என்னை வரச் சொன்னதும் நீங்கதானே? ஒரு மாசம் பார்க்கிறேன். ஒரு வெறுங்குழி விழக்கூடாது," என்றார்.

அத்தான் வேலைக்கு வந்தார். கழுத்தில் அந்த அடைப்பான் தொங்கியது. புதுப் பள்ளிக்கூடப் பையன் தண்ணீர் பாட்டில் மாட்டியது மாதிரி இருந்தது, ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. முதல் இடத்தில் கேட்டார். "என்னோடது ஏறாது இறங்காது, ஒரே சீரா இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இதுக்கு அடியில இன்னொண்ணு கேக்குற மாதிரி இருக்கு. மூடு மச்சான்."

வால்வு தெரு வளைவைத் தாண்டி நூற்றைம்பது அடி தள்ளி. அங்கிருந்து அவருக்கு நான் தெரியமாட்டேன். சாவியைப் போட்டு இறுக்கிவிட்டு, "மூடியாச்சு அத்தான்!" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் வளைவில் ஆள் வந்தார். கம்பியை அங்கேயே வைத்துவிட்டு நடந்து வந்திருந்தார். என் கையிலிருந்து சாவியை வாங்கி, இறுக்கமாக இருக்கிறதா என்று தானே ஒரு தரம் திருகிப் பார்த்தார். திரும்பிப் போனார். காதை வைத்தார். குறி போட்டார். வால்வைத் திறந்துவிட்டுத் தோண்டினோம், முழங்கால் ஆழத்திலேயே தண்ணீர் பீறிட்டது. ஆட்கள் கைதட்டினார்கள். அவர் அடைப்பானை மாட்டிக்கொண்டு எதிர் பிளாட்பாரத்தில் தள்ளி நின்றிருந்தார்.

மாசம் முடிவதற்குள் பதினாலு இடம், ஒன்றுகூட வெறுங்குழி இல்லை. என்ஜினியரம்மா உத்தரவைக் கிழித்துப் போட்டார். பதினாலு இடத்திலும் நான் "மூடியாச்சு" என்று கத்தினேன். பதினாலு தடவையும் நடந்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார். பதினைந்தாவதில் எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல வெயில் வேறு.

"நான் மூடலைன்னா நினைக்கிறீங்க? தொண்டை கிழியக் கத்துறேன்ல?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என் காது பொய் சொல்லுது மச்சான். அது பொய்னு அதுக்கே தெரியாது, அதுகிட்ட நான் என்னன்னு சண்டை போட?" என்றார். "அன்னைக்கு லைன்ல தண்ணி இருக்கான்னு உன்கிட்ட நான் கேட்டேன். வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தன்கிட்ட கேட்டேன்."

இருபத்திரண்டு வருஷமாக இவருக்கென்று என் வாயில் எப்போதும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்றைக்கு வெட்கம்தான் இருந்தது. நகர்ந்து வழிவிட்டேன். அவர் குனிந்து சாவியைத் திருகிப் பார்த்தார். வால்வு இறுக்கமாகத்தான் மூடியிருந்தது. திரும்பி நடந்தார். மறுநாளும் நடந்து வந்தார்.